விளைக்குப் போக இன்னொரு வழி

கல்யாணம் ஆகி நான்கு வருஷத்தில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயின. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில். இரண்டாவது பிறந்து ஒரு பகல் இருந்தது. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது என் வீட்டுக்காரிக்கு அடுக்களையிலிருந்து கிணற்றுக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. அந்த வருஷத்தைத்தான் எழுதுகிறேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஊர் சுசீந்திரத்துக்கு வடக்கே. எனக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வயல் கொஞ்சம், ஒரு சோடி மாடு, வீட்டுக்குப் பின்னால் விளை. விளை என்றால் தென்னையும் புளியும் நிற்கிற மேட்டு நிலம். அதில் பாதி அண்ணனுக்கு. அண்ணன் வீடு அடுத்த வீடு.

அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள். மாசமாக இருக்கிறவள் வெளுக்கத்தான் செய்வாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் அடுக்களைக்குள் போனேன். அடுப்புத் திட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"பசிக்கா?"

"பசி இல்ல. வாய் கேக்கு."

அடுத்த நாள் பஸ் ஏறி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது. பிறகு காலைக் காட்டச் சொன்னார். இவள் கூச்சப்பட்டுச் சேலையை இழுத்துவிட்டாள். விரல் இடுக்கில் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

"இது என்ன?"

"சேத்துப்புண்ணு. எல்லாருக்கும் உள்ளதுதான்."

"வெளிக்கு எங்க போவ?"

அவள் என்னைப் பார்த்தாள். "விளைக்கு."

"செருப்புப் போட்டுட்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊருல பொம்பள யாரும் செருப்புப் போட மாட்டாவ."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆள் ஒதுங்குகிற மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழு கிடக்கும், வெறுங்காலால் மிதித்தால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும், குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும் என்றார். புழுவைக் கொல்ல மருந்து உண்டு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதைக் கொடுக்கமாட்டேன், பிறந்த பிறகு பார்ப்போம் என்றார். அதுவரை ரத்தம் ஊற இரும்பு மருந்து குடிக்க வேண்டும். புதுப் புழு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவள் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இப்ப நாலு மாசம். இப்படியே போனா பிரசவத்துல போற ரத்தத்த அவ தாங்க மாட்டா. பிள்ளையும் தாங்காது. பாதி என் மருந்து. பாதி செருப்பு. விளங்குச்சா?"

"விளங்குச்சு."

அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மருந்து கறுப்பாக இருந்தது. குப்பியின் மேல் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பல் கறுத்துவிடும் என்பதால் பப்பாளி இலைத் தண்டை வெட்டி அதன் வழியாக உறிஞ்சிக் குடிப்பாள். முதல் வாரத்தில் இரண்டு நாள் மறந்தாள். நான் குப்பியை எடுத்து உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். உப்பை எடுக்காமல் சோறு கிடையாது. அதன் பிறகு ஒரு வேளையும் தப்பவில்லை. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தோம், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

செருப்புத்தான் கஷ்டம்.

அவள் மத்தியானம் அசந்து படுத்திருந்தபோது ஈர்க்குச்சியை உள்ளங்காலோடு வைத்து அளவு எடுத்தேன். குச்சி பட்டதும் கால் கூசி இழுத்தாள். எழுந்திருக்கவில்லை. கால் சின்னது. நான் அதுவரை கவனித்ததே இல்லை. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கோட்டாறு சந்தைக்குப் போனேன். செருப்புத் தைக்கிறவர் குச்சியைப் பார்த்தார்.

"பையனுக்கா?"

"வீட்டுக்காரிக்கு."

அவர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். போட்டு இரண்டு அடி நடந்து பார்த்தாள். அந்த நேரம் அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, மோர் வாங்க வந்துவிட்டாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"ஏட்டி, கச்சேரிக்கா புறப்பட்ட?"

"இல்ல மைனி. வெளிக்குப் போக. டாக்டரம்மா சொல்லியிருக்கா."

"வெளிக்குப் போகச் செருப்பா? பொறவு ஒரு குடையும் வேணும்லா. முன்னால ஒரு ஆளு விளக்குப் பிடிச்சுட்டுப் போகணும்."

இவளும் சேர்ந்து சிரித்தாள். சாயங்காலம் பார்த்தேன். செருப்பு கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

போடு என்றேன். போடுதேன் என்றாள். காலையில் வெறுங்கால். ஏன் என்று கேட்டால் மறந்துபோச்சு என்பாள். பொய் இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, தூக்கக் கலக்கத்தில் அடுக்களை வாசலில் இருக்கிற செம்பில் தண்ணீர் மோந்துகொண்டு புறவாசல் வழியாகப் போவாள். பிறந்ததிலிருந்து அப்படிப் போகிறவள். செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தால் அதை யார் நினைப்பார்.

எனக்குள்ளே பயம். பயத்தை வெளியே காட்டத் தெரியாமல் சத்தம் போட்டேன். விளக்கைத் தொட்டுச் சொல்லு என்றேன். அவள் குத்துவிளக்கைத் தொட்டு, இனிமேல் மறக்க மாட்டேன் என்றாள். மூன்று நாள் போட்டாள். நாலாம் நாள் மறந்துவிட்டாள். மறந்ததைவிட, விளக்கைத் தொட்டுச் சொல்லிவிட்டு மறந்தோமே என்பது அவளை அரித்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரத்தம் ஊற வேண்டியவள் சாப்பிடாமல் இருந்தாள். அதற்குக் காரணம் நான். அதோடு சொல்வதை நிறுத்தினேன்.

அந்த வாரம் கும்பப்பூ நெல் நடவுக்கு உழுதுகொண்டிருந்தேன். சேற்றோடு வீட்டுக்கு வந்தால் நான் நேராக முற்றத்துத் தொட்டியில் காலைக் கழுவிவிட்டுத்தான் படி ஏறுவேன். ஒரு நாள் தொட்டியில் தண்ணீர் இல்லை. கிணறு பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. நான் கிணற்றுக்குப் போகவில்லை. சேற்றுக் காலோடு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அவள் என் காலைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. முப்பது வருஷமாகக் காலைக் கழுவுகிறேன் என்று இருந்தேன். தொட்டியில் தண்ணீர் இருந்ததால் கழுவியிருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்துப் புறவாசலுக்குப் போனேன். துணி துவைக்கிற பழைய கல் ஒன்று கிடந்தது. அதைப் புரட்டிக்கொண்டுவந்து புறவாசல் படிக்குக் கீழே போட்டேன். அடுக்களை வாசலில் இருந்த செம்பையும் தண்ணீர்க் குடத்தையும் வெளியே எடுத்து அந்தக் கல்லில் வைத்தேன். செம்புக்கு முன்னால், கால் இறங்குகிற இடத்தில், செருப்பை வைத்தேன். செம்பை எடுக்க வேண்டுமென்றால் செருப்பின் மேல்தான் நிற்க வேண்டும். பக்கத்தில் குளித்த தண்ணீர் ஓடி எப்போதும் நசநசவென்று இருக்கும். வேறு இடத்தில் காலை வைக்க மனசு வராது. புறவாசல் என்பதால் தெருவிலிருந்து பார்க்கிறவர்களும் இல்லை.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் செருப்பு போயிருந்தது. பிறகு திரும்பி வந்தது.

ஆனால் கொஞ்சம் நொண்டினாள். பெருவிரலுக்குப் பக்கத்து விரலில் மிஞ்சி. செருப்பின் விரல் வளையம் மிஞ்சியில் இடித்துத் தோல் உரிந்திருந்தது. அவள் அதையும் சொல்லவில்லை. நான் வளையத்தை வெட்டி எறிந்துவிட்டு, மாட்டு வாரில் மிஞ்சிய துண்டை எடுத்து மேலே அகலமாக ஒரு பட்டை வைத்துத் தைத்தேன். குனியாமல், கையால் தொடாமல் கால் உள்ளே போகும். வயிறு பெரிதாகிக்கொண்டு வருகிறவளுக்கு அது சௌகரியம்.

ஒரு மாதம் ஒரு நாளும் தப்பவில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இமையை இழுத்தார். அதே வெளுப்பு. காலைப் பார்த்தார். விரல் இடுக்கில் புதுசாகச் சிவப்பு.

"செருப்புப் போடல."

"போடுதேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் இவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். சுசீந்திரம் கோபுரம் தெரிந்த பிறகு வாயைத் திறந்தாள்.

"நான் பொய் சொல்லல."

"தெரியும்."

"பின்ன ஏன் இப்படி?"



இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் புறப்பட்டேன். விளை வழியாகப் போனால் கிட்டம். விளைக்கு நடுவில் வேப்பமரம். மரத்துக்குக் கீழே இசக்கியம்மன் பீடம். எங்கள் குடும்பத்துக்கு அவள்தான் எல்லாம். பீடத்துக்கு நாலடி இந்தப் பக்கம் செருப்பு கிடந்தது. கிடந்தது என்று சொல்லக்கூடாது. சோடி சேர்த்து, ஓரமாக, ஒழுங்காக வைத்திருந்தது. அங்கிருந்து ஈர மண்ணில் வெறுங்கால் தடம். பீடத்தைத் தாண்டிப் புளிய மரத்துப் பக்கம் போனது. ஆட்கள் ஒதுங்குகிற இடம் அங்கேதான்.

எந்த மண்ணுக்காகச் செருப்பு வாங்கினேனோ அந்த மண் வரும்போது கழற்றியிருக்கிறாள். தினமும்.

நான் அங்கேயே நின்றேன். அவள் திரும்பி வந்தாள். என்னைக் கண்டு வெட்கப்பட்டு நின்றாள்.

"இங்க ஏன் கழத்தின?"

அவளுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "பின்ன? அம்ம இருக்கால்லா."

"தாண்டினதும் போடலாமே."

"தாண்ட வேண்டாமா? கையில எடுத்துட்டு அவ முன்னால போகச் சொல்லுதியளா?" பீடத்தின் பக்கம் திரும்பி, மெதுவாக, "அவகிட்டத்தான் பிள்ளயக் கேட்டிருக்கேன்," என்றாள்.

நான் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தலைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டாமல் ஒரு நாளும் போனதில்லை. என்னால் முடியாததை அவளிடம் எப்படிச் சொல்வது. வயலுக்குப் போய்விட்டேன். தண்ணீர் திருப்பும்போது யோசித்தேன். பீடத்தை நகர்த்த முடியாது. அவள் மனசையும் நகர்த்த வேண்டாம். வழி மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்கே மண்வெட்டி எடுத்தேன். புறவாசல் கல்லில் ஆரம்பித்து, தெற்கு வேலியை ஒட்டி, வாழைகளுக்கு இடையே ஒரு தடம் வெட்டினேன். நடுவே ஓடை. இரண்டு தென்னந்தடியை ஒட்டிப் போட்டு மேலே மண் அணைத்தேன். வயிற்றோடு நடக்கிறவள் பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில் கட்டினேன். தடம் முடிகிற இடத்தில் குழி தோண்டி, முடைந்த ஓலையால் மறைப்பு வைத்தேன். குழிக்குப் பக்கத்தில் உடைந்த பானையில் அடுப்புச் சாம்பல், அள்ளிப்போட ஒரு சிரட்டை. மூன்று நாள் வேலை.

மைனி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"என்ன கொழுந்தனாரே, ரோடா வெட்டுதீரு? மோட்டார் விடப் போறீரோ?"

"ஆமா."

"எங்களையும் ஏத்துவீரா?"

"செருப்புப் போட்டா ஏத்துவேன்."

அவள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள்.

வழி வெட்டினால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் கால் பழைய வழிக்குத்தான் போகும். எங்களிடம் ஒரு காளைக்கன்று இருந்தது. ஆளைக் கண்டால் முட்டி முட்டி நக்கும். சேலையை மெல்லும். அதை வடக்கே போகிற பழைய வழியின் தொடக்கத்தில் கட்டினேன்.

மறுநாள் விடியற்காலம் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் படி இறங்கினாள். செருப்பில் கால் போனது. செம்பை எடுத்தாள். வடக்கே திரும்பினாள். கன்று எழுந்து கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது. "சவமே, உன்ன யாரு இங்க கட்டினா," என்றாள். நின்றாள். தெற்கே பார்த்தாள். பிறகு புது வழியில் போனாள்.

திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்.

"அம்ம கோவிச்சுக்கிட மாட்டாளா? அவள விட்டுட்டு அந்தப் பக்கமாப் போறோமே."

"வெள்ளிக்கிழம விளக்கு வைக்கப் போவேல்லா. வெறுங்காலோட போ. அவ இருக்க இடத்துல எவனும் ஒதுங்க மாட்டான். அந்த மண்ணு சுத்தம்."

யோசித்தாள். "அது சரிதான்." பிறகு, "இதுக்கா மூணு நாளு வெட்டினிய?" என்றாள்.

"வேற என்னத்துக்கு."

என் உள்ளங்கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் இருந்தது. தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

பத்துப் பதினைந்து நாளில் கன்றை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டினேன். கால் தெற்கே பழகியிருந்தது. மழை நாளிலும் போனாள். கோபமாக இருந்த நாளிலும் போனாள். என்னோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்த ஒரு வாரமும் செருப்பு காலையில் போய்க் காலையில் வந்தது. அவள் அதற்காக எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. நினைக்கிற வேலை எல்லாம் கல்லும் செம்பும் தென்னந்தடியும் செய்துகொண்டன.

ஏழாம் மாதம் டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது தடவையும் பார்த்தார். "கொஞ்சம் சிவப்பு இருக்கு," என்றார். இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் கறுக்கவில்லை. மண் தின்பதும் அதற்குள் நின்றிருந்தது. நான் கேட்கவில்லை. அடுப்புத் திட்டில் புதுச் சுரண்டல் இல்லாததைக் கண்டு தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பேறு பார்க்க வேண்டாம், வலி எடுத்ததும் கூட்டி வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வில்வண்டி கட்டிக் கொண்டுபோனேன். சேலை, துணி, சுக்கு, செம்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். காலையில் போனவள் சாயங்காலம் பெற்றாள். பெண் பிள்ளை. ஐந்து ராத்தல் எடை. ரத்தம் நிறையப் போயிற்று என்றார்கள். நான் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா வெளியே வந்தார். "தாங்கிட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

மூன்றாம் நாள் அவளை எழுந்து நடக்கச் சொன்னார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டாள். இறங்கவில்லை. இரண்டு காலும் காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவின. நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தல சுத்துதா?" என்றேன்.

"இல்ல. செருப்பு எங்க?"

அதை எடுத்துவரவில்லை.

"இது சிமெண்டுத் தர. புழுவும் இல்ல ஒண்ணும் இல்ல. இறங்கு."

"தெரியும். காலு இறங்க மாட்டேங்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வயிறு வலித்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே விரித்தேன். அதில் காலை ஊன்றி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி போய் நாலு அடி வந்தாள்.

மூன்று மாதம் கழித்து வா, புழு மருந்து தருகிறேன் என்று டாக்டரம்மா சொன்னார். பிறகு கொடுத்தார். புழு போயிற்று. திரும்பி வரவில்லை.

அவள் எழுந்து நடந்த அன்று மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போனேன், செருப்பை எடுத்துவர. புறவாசலுக்குப் போய்ப் பார்த்தால் கல்லின் மேல் செருப்பு இல்லை. செம்பு இருந்த இடத்தில் வேறு ஒரு செம்பின் ஈர வட்டம். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைகளுக்கு இடையே, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, மைனி வந்தாள். காலில் செருப்பு. அவளுக்குச் சின்னது, குதிகால் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டு நின்றாள். அவள் வாயில் பேச்சு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"முள்ளுக் குத்தல," என்றாள் கடைசியில். "அதான்."

கழற்றி, தொட்டியில் இரண்டையும் கழுவி, முந்தானையில் துடைத்து என்னிடம் தந்தாள். வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"கொழுந்தனாரே."

"என்ன மைனி?"

"பிள்ள பால் குடிக்கா?"

"குடிக்கு," என்றேன். "நல்லாக் குடிக்கு."